உறைக்குள் ஒரு சீட்டு

மொண்டேவீடியோ,
29 நவம்பர் 2024

அன்புமிக்க நண்பர் அவர்களுக்கு,

அங்கே கார்த்திகை அடைமழை கொட்டிக்கொண்டிருக்கும். இங்கே வசந்தம் முடிந்து கோடை தொடங்குகிறது. வீதியோரத்து ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறப் பூக்களை உதிர்த்து நடைபாதையை மூடியிருக்கின்றன. இந்த நகரத்தின் கரையைத் தொட்டுக் கிடக்கும் பிளாட்டா நதியைப் பற்றியும், எதிர்க்கரை கண்ணுக்குத் தென்படாத அதன் விஸ்தாரத்தைப் பற்றியும் விரிவாக எழுதுவதாகத் தங்களுக்கு வாக்களித்திருந்தேன். ஆயினும் நான் வந்து சேர்ந்த சமயம் இந்த உருகுவே தேசத்தின் பொதுத் தேர்தல் சமயமாக அமைந்துவிட்டபடியால், பார்ப்பது கேட்பது யாவும் ராஜாங்க விஷயமாகவே ஆகி, நதி இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது. திண்ணையில் உட்கார்ந்தால் நாமிருவரும் வேறெதைத்தான் பேசினோம்? ஆகையால் தாங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

சென்ற ஞாயிறு ஜனாதிபதித் தேர்தலின் இரண்டாம் சுற்று. அக்டோபர் கடைசி ஞாயிறன்று நடக்கும் முதற்சுற்றில் எவருக்கும் பாதிக்கு மேல் வாக்குக் கிடைக்காவிட்டால், முன்னணியில் நின்ற இருவரை மட்டும் வைத்து நவம்பர் கடைசி ஞாயிறன்று ஜனங்களை மறுபடியும் கேட்பது, 1996-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தால் வந்த வழக்கம். அப்போது பதவியிலிருந்த ஜனாதிபதி லக்காஷே போ அடுத்தடுத்து இரண்டாம் முறை நிற்க முடியாது. அரசியல் சட்டம் ஐந்தாண்டு முடிந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அவருடைய தேசியக் கட்சியின் வேட்பாளர் அல்வாரோ டெல்காடோவும், எதிர்த்தரப்பான பரந்த முன்னணியின் யமாண்டு ஓர்சியும் போட்டியிட்டனர். முன்னாள் சரித்திர ஆசிரியரான ஓர்சி வென்றார். அன்றிரவே தோற்றவர் மேடையேறித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பதவி விலகப் போகிற ஜனாதிபதியும் புதியவரைத் தொலைபேசியில் அழைத்து வாழ்த்தினார். ஆற்றங்கரைச் சாலையில் வெற்றிக் கொடிகளோடு வந்த கூட்டத்தின் நடுவே தோற்ற கட்சியின் கொடியைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞன் நிதானமாக நடந்து போனதையும், அவனை யாரும் ஒரு சுடுசொல் சொல்லாததையும் நான் கண்ணாரக் கண்டேன். அந்தக் காட்சியால் என் மனம் அடைந்த ஆனந்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

இந்நாட்டின் ஜனத்தொகை ஏறத்தாழ 35 லட்சம், மாகாணங்கள் 19, கீழ்ச்சபையில் 99 பேர், மேல்சபையில் 30 பேர், அவர்களுக்குத் தலைமை வகிக்கும் உபஜனாதிபதி ஒருவர். வாக்களிப்பது பிரஜைகளின் உரிமை மட்டுமன்று, கட்டாயக் கடமையும் ஆகும். நம்மைப்போல் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்துகிற ஏற்பாடு இங்கில்லை. ஒவ்வொரு கட்சியும், கட்சிக்குள் ஒவ்வொரு பிரிவும், எண்ணிட்ட பட்டியலைத் தாளில் அச்சிட்டுச் சந்தையிலும் தெருமுனையிலும் விநியோகிக்கின்றன. வாக்காளர் தமக்குப் பிடித்த தாளை மறைவான அறையில் உறைக்குள் இட்டுப் பெட்டியில் போடுகிறார். இந்த உறையை மறந்துவிடாதீர்கள். கடிதத்தின் பிற்பகுதி முழுவதும் அதைப் பற்றியதுதான்.

சட்டசபை மாளிகையையும் பார்த்தேன். சுதந்திரப் பிரகடனத்தின் நூற்றாண்டு நாளான 25 ஆகஸ்ட் 1925 அன்று திறக்கப்பட்டது. சிறிய தேசத்துக்கு இத்தனை பெரிய மாளிகையா என்று முதலில் தோன்றியது. ஆனால் தனியொருவர் கையில் அதிகாரம் குவிவதைக் கண்டு இவர்கள் அஞ்சிய வரலாற்றைப் படித்தபின், அரண்மனைக்குரிய ஆடம்பரத்தையெல்லாம் சட்டசபைக்கே கொடுத்தது தகும் என்று பட்டது. ஹோசே பாட்ஷே என்னும் பெரியவர், இருமுறை ஜனாதிபதியாக இருந்தவர், எட்டுமணி நேர வேலைச் சட்டத்துக்கு வழிகோலியவர், 1913-இல் ஜனாதிபதி பதவியையே எடுத்துவிட்டு ஸ்விட்ஸர்லாந்தில் உள்ளதுபோல் ஒரு குழுவிடம் நிர்வாகத்தை ஒப்படைக்கலாம் என்று எழுதினார். பதவியில் அமர்ந்திருந்தபடியே அப்பதவியை ஒழிக்கச் சொன்னவர் உலகில் எத்தனை பேர்! அவர் காலத்தில் அது பாதியளவே நிறைவேறிற்று. 1952-இல்தான் ஒன்பது பேர் கொண்ட சபை, ஆளுங்கட்சியிலிருந்து ஆறு பேரும் எதிர்க்கட்சியிலிருந்து மூவருமாக, முழு நிர்வாகத்தையும் ஏற்றது. 1967-இல் மீண்டும் ஒற்றை ஜனாதிபதி வந்தார். அதன்பின் ஆறே ஆண்டுகளில், 27 ஜூன் 1973 அன்று, அத்தகைய ஜனாதிபதி ஒருவரே ராணுவத்தோடு சேர்ந்து சட்டசபையைக் கலைத்தார். ஒன்பது பேர் ஆண்டிருந்தால் அது நடந்திருக்குமோ என்ற கேள்வி என்னை விடவில்லை.

அந்தக் கேள்வியை நான் தங்கியிருக்கும் வீட்டின் உடைமைக்காரரான அம்மையாரிடம் கேட்டேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபதைக் கடந்தவர். மழை பெய்தால் இவ்வூரார் வீட்டுக்கு வீடு மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டி, நடுவில் துளையிட்டுப் பொரிக்கிறார்கள். தோர்த்தா ஃபிரீத்தா என்பது அதன் பெயர். மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது சம்பிரதாயம். இறைச்சியின்றி ஒரு வேளை உணவு கிடைக்காத இந்நாட்டில் நான் படும் பாட்டை அறிந்த அம்மையார், எனக்கென்று தனியாக எண்ணெயில் பொரித்துத் தந்தார். உடன் குடிப்பதற்கு மாத்தே என்னும் பச்சிலைக் கஷாயம். ஒரே குடுவை, ஒரே குழல், ஒருவர் குடித்ததும் மற்றவருக்கு. அதன் கசப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை. மாலை நான்கு மணியானால் நம் டிகிரி காப்பியின் மணத்தை நினைத்து ஏங்குகிறேன். பேத்தி இடையில் இருந்து ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்ல, எங்கள் சம்பாஷணை இரவு வரை நீண்டது.

ஒன்பது பேர் ஆட்சியைப் பற்றி அம்மையாருக்கு உயர்ந்த அபிப்பிராயம் இல்லை. ஒன்பது பேரும் முடிவு செய்வதற்குள் பால்காரனுக்குக் கொடுக்கும் காசின் மதிப்புக் குறைந்துவிடும் என்று தம் தகப்பனார் சொல்வாராம். அம்மையார் மதிப்பது வேறொன்றை. சட்டசபை நிறைவேற்றிய சட்டம் பிடிக்காவிட்டால், அது அமலுக்கு வந்த ஓராண்டுக்குள் வாக்காளர்களில் கால்பங்கினர் கையொப்பமிட்டு அதை ஜனங்களின் தீர்ப்புக்குக் கொண்டுவரலாம். பத்தில் ஒரு பங்கினர் கையொப்பமிட்டால் அரசியல் சட்டத்தையே திருத்தக் கோரலாம். லக்காஷே போவின் தகப்பனாரும் ஜனாதிபதியாக இருந்தவர். அவருடைய ஆட்சியில் தொலைபேசி முதலான பொதுத்துறை நிறுவனங்களைத் தனியாருக்குத் திறந்துவிட வந்த சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, 1992 டிசம்பரில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் வாக்களித்து ரத்து செய்தார்கள். 2004-இல் தண்ணீர் மனித உரிமை என்றும், அதை வழங்குவது அரசின் வேலை என்றும் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். கேட்கக் கேட்க எனக்கு மெய்சிலிர்த்தது.

பிறகுதான் உறையின் விஷயம் வந்தது. கடந்த அக்டோபரில் தேர்தலோடு சேர்த்து இரண்டு அரசியல் சட்டத் திருத்தங்களையும் ஜனங்கள் முன் வைத்தார்கள். ஒன்று ஓய்வூதியத்தைப் பற்றியது, மற்றொன்று இரவில் வீடுகளைச் சோதனையிடும் அதிகாரத்தைப் பற்றியது. இரண்டும் பாதியை எட்டவில்லை. ‘வேண்டாம்’ என்றவர்கள் எத்தனை பேர் என்று நான் கேட்க, அம்மையார் வியப்போடு என்னைப் பார்த்தார். ‘வேண்டாம்’ என்னும் சீட்டே கிடையாதாம்! ‘வேண்டும்’ என்பவர் கட்சித் தாளோடு அந்தச் சீட்டையும் உறைக்குள் வைக்க வேண்டும். சீட்டு இல்லாத உறையெல்லாம், மறந்தவர் உறையும், விஷயமே தெரியாதவர் உறையும், எதிர்ப்பாகவே போய்ச் சேரும். வாக்களிக்க வந்தோரில் பாதிக்கு மேற்பட்டவர், அதுவும் பதிவு பெற்ற வாக்காளர் தொகையில் 35 சதவீதத்துக்குக் குறையாதவர், வேண்டும் என்று சொன்னாலொழிய அரசியல் சட்டத்தைத் தொடக் கூடாது என்பது விதி.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பேசாதவன் வாயில் ஒரு சொல்லைத் திணிப்பது எந்த நியாயம் என்று, விருந்தாளிக்குரிய அடக்கத்தையும் மீறிச் சற்று உரக்கவே வாதாடினேன். அம்மையார் குடுவையில் வெந்நீர் ஊற்றியபடி பொறுமையாகக் கேட்டார். அஸ்திவாரத்தை மாற்ற வேண்டும் என்கிறவன்தான் கையை உயர்த்தக் கடமைப்பட்டவன். உறங்குகிறவனை எழுப்பி அபிப்பிராயம் சொல் என்று வற்புறுத்த முடியாது என்றார். பிறகு அவர் சொன்ன கதையைக் கேட்டபின் என்னால் அவரோடு வாதாட முடியவில்லை.

1980-இல் ராணுவத்தார் தங்கள் ஆட்சியை நிலைநிறுத்த ஓர் அரசியல் சட்டத்தை எழுதி ஜனங்களிடம் ஒப்புதல் கேட்டார்கள். சர்வாதிகாரிகள் நடத்தும் வாக்கெடுப்பில் சர்வாதிகாரிகளே ஜெயிப்பது லோக வழக்கம். இங்கே நூற்றுக்கு ஐம்பத்தேழு பேர் மறுத்தார்கள். அவர்களில் இந்த அம்மையாரும் ஒருவர். அந்த இரவு சத்தமாகச் சிரிக்கவும் அஞ்சி, விளக்கை அணைத்துவிட்டுத் தகப்பனாரும் மகளும் கைகோத்து உட்கார்ந்திருந்தார்களாம். 1985-இல் ராணுவம் போயிற்று. ஆனால் 1986-இல் சட்டசபை, ராணுவத்தாரும் போலீஸாரும் செய்த கொடுமைகளுக்குத் தண்டனை இல்லையென்று ஒரு சட்டம் செய்தது. காணாமற்போனவர் ஏறத்தாழ 200 பேர். அம்மையாரோடு பயிற்சிக் கல்லூரியில் படித்த தோழியும் அவர்களில் ஒருவர். அச்சட்டத்தை எதிர்த்துக் கையொப்பம் திரட்டினார்கள். சந்தேகத்துக்குரியவை என்று நிறுத்திவைக்கப்பட்ட கையொப்பங்களை உரியவர்களே நேரில் வந்து உறுதிசெய்ய வேண்டுமென்று 1988 டிசம்பரில் அழைப்பு வந்தபோது, அம்மையாரும் வரிசையில் நின்றார். 1989 ஏப்ரலில் நடந்த வாக்கெடுப்பில் சட்டம் வேண்டுமென்பவருக்கு மஞ்சள் சீட்டு, வேண்டாமென்பவருக்குப் பச்சைச் சீட்டு. பச்சை தோற்றது. இருபது ஆண்டு கழித்து, 2009-இல், அச்சட்டத்தைச் செல்லாததாக்க இளஞ்சிவப்புச் சீட்டு. இம்முறை சீட்டு இல்லாத உறை எதிர்ப்பு. நூற்றுக்கு நாற்பத்தெட்டு வரை வந்து நின்றுவிட்டது.

இருமுறையும் தோற்றவர் அந்த விதியையே காத்துப் பேசுகிறார்! விதியை நமக்குச் சாதகமாக மாற்றினால், நாளைக்கு மற்றவன் தனக்குச் சாதகமாக மாற்றுவான். ராணுவத்தார் செய்ததும் அதுதானே என்றார். 1996 முதல் ஆண்டுதோறும் மே 20 அன்று, காணாமற்போனவர்களின் படங்களை ஏந்தி, நகரத்தின் பிரதான வீதியில் ஆயிரமாயிரம் பேர் ஒரு கோஷமும் இல்லாமல் நடந்து போகிறார்கள்; முழங்கால் வலியோடு இவரும் போகிறார். கடைசியில் வழி பிறந்தது வேறிடத்தில். 2011-இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம், ஜனங்கள் வாக்களித்து ஏற்றார்கள் என்பதனால் மட்டும் அத்தகைய சட்டம் நியாயமாகிவிடாது என்று தீர்ப்பளிக்க, அவ்வாண்டு அக்டோபரில் சட்டசபை தண்டிக்கும் அதிகாரத்தை மீண்டும் நிலைநாட்டிற்று. அதற்குள் குற்றவாளிகளில் எத்தனையோ பேர் கிழவர்களாகிப் படுக்கையிலேயே செத்துப்போனார்கள் என்றபோதுதான் அம்மையாரின் குரல் முதன்முறையாக நடுங்கிற்று.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீரையும் தொலைபேசியையும் ஜனங்கள் தீர்மானிப்பதைக் கேட்டு மெய்சிலிர்த்த நான், கொலையுண்டவளுக்கு நியாயம் உண்டா இல்லையா என்பதையும் அதே பெட்டியில் போட்டு எண்ணினார்கள் என்று கேட்டதும் ஏன் கலங்கினேன்? ஜனங்களின் பொதுச்சொத்தை ஜனங்கள் தீர்மானிப்பது முறை. ஒரு தாயின் பிள்ளை எங்கே புதைக்கப்பட்டான் என்று கேட்கும் உரிமை அவளுடையது. அந்தக் குற்றத்தை மன்னிக்கும் அதிகாரம் அயலார் பத்து லட்சம் பேர் சேர்ந்தாலும் அவர்களுக்கு எங்கிருந்து வரும்? ஆகவே பெரும்பான்மை தொடக் கூடாத விஷயங்கள் சில உண்டென்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்த எல்லைக்கோட்டை யார் வரைவது என்று கேட்டுக்கொண்டால், சட்டசபையா, நீதிபதிகளா, அயல்தேசத்து நீதிமன்றமா என்று மனம் ஒவ்வொரு வாயிலாகத் தட்டிவிட்டுத் திரும்பி வருகிறது. அம்மையாரிடம் மறுநாள் இதைச் சொன்னேன். நாங்கள் இரண்டு முறை கேட்டதனால்தான் இந்த ஊர் அதை மறக்கவில்லை. தோற்றாலும் கேட்டது நல்லதே என்றார். அதை நான் முழுதும் ஏற்கவில்லை. மறுக்கவும் என்னிடம் வார்த்தை இல்லை.

தாங்கள் முப்பது வருஷம் நீதிமன்றத்தில் வாதாடியவர். எந்தக் கேள்வியை ஜனங்களிடம் விடலாம், எதை விடலாகாது என்பதில் தங்கள் அபிப்பிராயத்தை விரிவாக எழுதுங்கள். அம்மையாருக்கும் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் நடுவரை இதே விலாசம்தான். நதியைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

தங்கள் அன்பன்