மூன்று கொக்கிகள்

என் அப்பா சுங்கை வே தடையற்ற வாணிப மண்டலத்தில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். பாதுகாப்புக் காலணி அணியாமல் வரும் எவரையும் உற்பத்திக் கூடத்திற்குள் விடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். பக்கத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிளில் போவதாக இருந்தாலும் என் தலைக்கவசத்தின் வாரை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே கிளம்புவார். அத்தகைய அப்பாவே ஒருநாள் வாரைக் கட்டாமல் விட்டார். அதை நான் பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

அப்போது நான் மூன்றாம் படிவ மாணவன். சித்தப்பாவுக்குத் தூண்டில் என்றால் உயிர். “கென்யிர் ஏரிக்குப் போய்த் தோமான் பிடிக்க வேண்டும்” என்று ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டு இறுதி விடுமுறையில் போகலாம் என்றார் அப்பா. சித்தப்பா மறுத்துவிட்டார். நவம்பர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை கிழக்குக் கரையில் கொட்டித் தீர்க்கும். அந்நாள்களில் சிறு படகில் ஏரிக்குள் போவது அறிவீனம் என்றார். ஆகவே, ஆண்டு நடுப்பகுதி விடுமுறையில் புறப்பட்டோம். நள்ளிரவுக்குப் பின் சுங்கை வேயை விட்டுக் கிளம்பி, கிழக்குக் கரை நெடுஞ்சாலை வழியாக உலு திரெங்கானுவை அடைந்தபோது பொழுது விடிந்திருந்தது.

ஏரி என்றால் நம் ஊர்ப் பூங்காவில் உள்ளதைப் போல் இருக்கும் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். பெங்காலான் காவி படகுத்துறையில் நின்று பார்த்தபோது எதிர்க்கரை எங்கே என்றே தெரியவில்லை. நீர்மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட கென்யிர் அணை 1985ஆம் ஆண்டு நிறைவடைந்தது. அணை தடுத்த நீர் பள்ளத்தாக்குகளை நிரப்பி, ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஏரியாகப் பரந்தது. குன்றுகளின் உச்சிகள் 340 தீவுகளாக மிஞ்சின. அங்கிருந்த காடும் நீருக்குள் மூழ்கியது. அந்த மரங்கள் பல இன்றும் அடியில் நிற்கின்றன. சில இடங்களில் பட்டுப்போன கிளைகள் நீருக்கு மேல் விரல்களைப் போல் நீட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் படகோட்டி அறுபது வயதைத் தாண்டியவர். நாங்கள் அவரைப் ‘பாக் சிக்’ என்று அழைத்தோம். படகில் ஏறுவதற்கு முன் அவர் எங்களைக் கரையில் வரிசையாக நிறுத்தினார். எங்கள் உயிர்காப்பு அங்கிகளின் மூன்று கொக்கிகளையும் ஒவ்வொன்றாக மாட்டினார். பின்னர், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தார். அங்கி தாடையைத் தாண்டி மேலே வந்தால் வார் தளர்ந்திருக்கிறது என்று பொருளாம். பனிக்கட்டிப் பெட்டியை நடுவில் வைத்தார். சித்தப்பா கொண்டுவந்த பைகளில் இரண்டைப் பாரம் அதிகம் என்று கரையிலேயே விட்டுவிட்டார். கடைசியாக, படகுத்துறையில் இருந்த ஓர் இளைஞரிடம் நாங்கள் செல்லும் திசையைச் சொல்லி, “நான்கு மணிக்குள் வராவிட்டால் தேடி வா,” என்றார். ஏரியின் பல பகுதிகளில் கைப்பேசி வேலை செய்யாது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

பாக் சிக் படகை நேராகச் செலுத்தவில்லை. அங்கங்கே வளைத்து வளைத்துச் சென்றார். மழையைப் பொறுத்தும் மின் உற்பத்தியைப் பொறுத்தும் ஏரியின் நீர்மட்டம் ஏறி இறங்கும். நேற்று கண்ணுக்குத் தெரிந்த மரக்கட்டை இன்று ஒரு சாண் நீருக்கடியில் மறைந்திருக்கும். “தெரிகிற கட்டைக்குப் பயப்படாதே, தெரியாத கட்டைக்குப் பயப்படு,” என்று அவர் மலாயில் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

ஒரு தீவின் ஓரத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தூண்டில் போட்டோம். வெயில் ஏறியது. முன்பக்கம் அமர்ந்திருந்த அப்பா, வியர்வை தாங்காமல் தம் அங்கியின் கீழ் இரண்டு கொக்கிகளைக் கழற்றிவிட்டார். பின்னால் இருந்த பாக் சிக்குக்கு அப்பாவின் முதுகுதான் தெரிந்தது. சித்தப்பா தம் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மட்டும் கவனித்தேன். சொல்லலாமா என்று எண்ணினேன். ஆனால், தலைக்கவச வாரை இழுத்துப் பார்க்கும் அப்பாவுக்கே நான் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வதா? மேலும், அப்பா நன்றாக நீந்துவார். சிறுவயதில் சுங்கை வே சுற்றுவட்டாரத்துப் பழைய ஈயலம்பக் குட்டைகளில் நீந்தி வளர்ந்தவர். எனவே, வாயை மூடிக்கொண்டேன்.

சற்று நேரத்தில் அப்பாவின் தூண்டில் வில்லாக வளைந்தது. தோமான் விரால் இனத்தைச் சேர்ந்த பெரிய மீன். அதன் இழுப்பு முரட்டுத்தனமானது. அப்பா உற்சாகத்தில் எழுந்து நின்றார். சித்தப்பா வலையுடன் அதே பக்கம் சாய்ந்தார். “உட்காருங்கள்!” என்று பாக் சிக் கத்தியதும் படகு சாய்ந்ததும் ஒரே நேரத்தில் நடந்தன. அப்பா தலைகீழாக நீரில் விழுந்தார்.

அவர் மேலே வந்தபோது முகத்தைக் காணவில்லை. ஒற்றைக் கொக்கியில் தொங்கிய அங்கி மேலெழும்பி அவர் முகத்தை மூடியிருந்தது. ஒரு கை அதற்குள் சிக்கிக்கொண்டது. நனைந்த முழுக்கால் சட்டையும் காலணியும் அவரைக் கீழே இழுத்தன. எத்தனை குட்டைகளில் நீந்தியவராக இருந்தாலும், அந்த நிலையில் நீச்சல் எப்படி உதவும்?

“அப்பா!” என்று அலறியபடி நான் குதிக்கப் போனேன். பாக் சிக் பின்னாலிருந்து என் அங்கியைப் பற்றி இழுத்து உட்கார வைத்தார். “குதித்தால் இருவரைத் தூக்க வேண்டும். எறி!” என்று என் கையில் ஒரு கயிற்றைத் திணித்தார். அதன் நுனியில் இறுக மூடிய வெற்று நெகிழிக் கலன் ஒன்று கட்டப்பட்டிருந்தது. காலையில் அதைப் பார்த்து, குப்பையை ஏன் படகில் வைத்திருக்கிறார் என்று நினைத்திருந்தேன். நடுங்கும் கையால் எறிந்தேன். முதல் முறை தவறியது. இரண்டாம் முறை கலன் அப்பாவின் தோளருகே விழுந்தது. தடவித் தடவி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

பாக் சிக் அவரைப் பக்கவாட்டில் ஏற்றவில்லை. அப்படி ஏற்றினால் படகு மீண்டும் சாய்ந்துவிடுமாம். எங்கள் இருவரையும் படகின் நடுவில் தாழ்வாக உட்காரச் சொல்லிவிட்டு, அப்பாவைப் பின்புறமாகக் கொண்டுவந்து மேலே இழுத்தார். இயந்திரம் நிறுத்தப்பட்டிருந்ததால் அதன் விசிறியால் ஆபத்து இல்லை. அப்பாவின் முழங்காலில் நீண்ட சிராய்ப்பு. நீருக்கடியில் இருந்த ஒரு கிளை கிழித்திருந்தது. தலை பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பாக் சிக் அப்பாவைக் கடிந்துகொள்ளவில்லை. கழன்று கிடந்த கொக்கிகளை மாட்டியபடி, “இந்தச் சட்டை நீந்தத் தெரியாதவருக்கு மட்டும் இல்லை. விழுந்தவுடன் மூச்சு வாங்கும்; அந்த நேரத்தில் நமக்குப் பதிலாக இது நீந்தும். தளர்த்திவிட்டால் சட்டை மேலே வரும், ஆள் கீழே போவார்,” என்று மட்டும் கூறினார். அப்பா தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

நண்பகலுக்குப் பிறகு மீன்கள் நன்றாகக் கடிக்கத் தொடங்கின. அப்போது பாக் சிக் தூரத்துக் குன்றுகளைக் காட்டினார். அவற்றின் மேல் கருமேகம் திரண்டிருந்தது. “தூண்டிலைச் சுருட்டுங்கள்,” என்றார். எங்கள் தலைக்கு மேலே வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. “இன்னும் ஒரே ஒரு முறை வீசிவிடுகிறேன்,” என்று சித்தப்பா கெஞ்சினார். அப்பாதான் முதலில் தம் தூண்டிலைச் சுருட்டினார். “வேண்டாம்டா. அவர் சொன்னால் போகலாம்,” என்றார்.

பாதி வழியில் காற்று வீசியது. காலையில் கண்ணாடிபோல் இருந்த ஏரியில் அலைகள் எழுந்தன. பரந்த நீர்ப்பரப்பில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அது ஓட ஓட அலையும் பெரிதாகும். அலை படகின் பக்கவாட்டில் மோதாதபடி முகப்பைச் சற்றே அலையை நோக்கித் திருப்பி, வேகத்தைக் குறைத்துச் செலுத்தினார் பாக் சிக். அருகிலிருந்த தீவின் மறைவான வளைவு ஒன்றில் ஒதுங்கினோம். இடி முழங்கியது. மின்னல் வெட்டும்போது உயர்த்திப் பிடித்த தூண்டில் கோல் ஆபத்தானது என்பதால் அவற்றைப் படகின் அடியில் கிடத்தியிருந்தோம். மழை ஓய்ந்து நாங்கள் படகுத்துறையை நெருங்கியபோது நான்கு மணியைக் கடந்துவிட்டது. அந்த இளைஞர் எங்களைத் தேடிவர இன்னொரு படகில் இயந்திரத்தை முடுக்கிக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் சித்தப்பா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார். அப்பா காரை ஓட்டியபடியே என்னிடம் கேட்டார்.

“தம்பி, நான் கொக்கியைக் கழற்றியதை நீ பார்த்தாயா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. “பார்த்தேன், அப்பா.”

“ஏன் சொல்லவில்லை?”

“உங்களிடம் எப்படிச் சொல்வது என்று...”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “என் தொழிற்சாலையில் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன்கூட என்னைத் தடுத்து நிறுத்தலாம். வீட்டில் அதை உனக்குச் சொல்லித்தர மறந்துவிட்டேன். தப்பு என்னுடையது. இனிமேல் பார்த்தால் சொல். மரியாதையோடு சொல், ஆனால் உடனே சொல்,” என்றார்.

வீட்டை அடைந்ததும் அம்மாவிடம் நடந்ததை ஒளிக்காமல் அப்பாவே கூறினார். அடுத்த மாதம் எங்கள் உடலளவுக்குப் பொருந்தும் மூன்று உயிர்காப்பு அங்கிகளை வாங்கினார். அதன்பின் பலமுறை தூண்டில் போடச் சென்றிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் படகில் ஏறும் முன் அப்பா என் முன்னால் வந்து நிற்பார். நான் அவருடைய அங்கியின் மூன்று கொக்கிகளையும் இழுத்துப் பார்ப்பேன். அதன் பிறகு அவர் என்னுடையதை இழுத்துப் பார்ப்பார்.