சேரப்போகும் நிலங்கள்

நிலத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி, போன நிலத்தைப் பற்றியது. பஃறுளி ஆற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இறையனார் களவியல் உரை சங்கங்களின் கதையையே கடல்கோளோடு பிணைத்து வைத்திருக்கிறது. 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர், மடகாஸ்கரில் நிறைந்திருக்கும் லெமூர்களுக்கு இந்தியாவிலும் உறவினங்கள் இருப்பது எப்படி என்று யோசித்து, இடையில் ஒரு பெருநிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். அதற்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். அவருடைய ஊரில் அந்த ஊகம் சீக்கிரமே செலவாணி இழந்தது. நம்மிடம் அது ஒரு தாய்நாடாகிவிட்டது. 1912இல் ஆல்ஃபிரட் வேகனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்ன பிறகு, ஸ்கிளேட்டரின் புதிருக்கு வேறு விடை கிடைத்தது. நிலம் மூழ்கவில்லை, விலகிப் போயிருக்கிறது. மூழ்கிய நிலத்துக்காக அழலாம். விலகிப் போன நிலத்தை என்ன செய்வது என்பதற்கு நம் மரபில் வழிமுறை இல்லை போலும்.

வரப்போகும் நிலத்தைப் பற்றி, எங்கள் வாசிப்புக்கு எட்டியவரை, தமிழில் ஏக்கமும் இல்லை, கனவும் இல்லை. இந்தக் கட்டுரையை எழுத முனைந்ததற்கு அதுவே காரணம்.

நாங்கள் அக்காளும் தம்பியும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லைன் வீட்டில் பிறந்தோம். ஒருவர் இப்போது பள்ளியில் புவியியல் கற்பிக்கிறார். மற்றவர் சமவெளிக்கு இறங்கிவிட்டார். இந்தப் பத்திகளைச் சேர்ந்தே எழுதுகிறோம் என்றாலும் எல்லாவற்றிலும் எங்களுக்கு ஒத்த கருத்து இல்லை. ஒத்துப்போகாத இடங்களை மறைக்கவும் விரும்பவில்லை.

நீலகிரியின் கல்லிலிருந்து தொடங்குவதே முறை. லைன் வீடுகளுக்குப் பின்னாலும் ரயில் பாதை ஓரத்திலும் ஈரத்தில் கறுத்துக் கிடக்கும் அந்தக் கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதை சுவாரசியமானது. கல்கத்தாவின் தொடக்கக் கதைகளில் அடிபடும் ஜாப் சார்னாக் என்ற கம்பெனிக்காரரின் கல்லறைக்கு வைத்த கல், சென்னைப் பக்கத்திலிருந்து போனது என்பார்கள். அதை ஆராய்ந்த டி. எச். ஹாலண்ட் 1893இல் அவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். தெற்கிலிருந்து போன கல், வடக்கே புதைந்தவனின் பெயரோடு திரும்பி வந்து எங்கள் மலைக்கும் பெயரானது. நீலகிரியின் நிலவியலை முறையாக எழுதியவர்களில் முன்னோடி எச். எஃப். பிளான்ஃபோர்டு, அவருடைய ஆய்வு 1850களின் இறுதியில் வந்தது. இந்தப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்துக்கு இருபது முப்பது கிலோமீட்டர் அடியில் வெந்து உருவானது என்று இன்று சொல்கிறார்கள். தொட்டபெட்டாவின் 2,637 மீட்டர் உயரத்தில் நின்று நாம் மிதிப்பது ஒரு காலத்துப் பாதாளம்.

லாம்ஸ் ராக்கிலிருந்து தெற்கே பார்த்தால் மேட்டுப்பாளையமும், பனி விலகிய நாட்களில் கோவைச் சமவெளியும் தெரியும். சுற்றுலா வருபவர்கள் அதைக் 'காட்சி' என்பார்கள். நிலவியலாளர்களுக்கு அது தையல். வடக்கே மோயாறு, தெற்கே பவானி என இரண்டு பெரும் முறிவு மண்டலங்களுக்கு நடுவே நிற்கிறது நீலகிரி. இன்னும் தெற்கே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை நீளும் மண்டலத்தை, 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது விழுந்த தையல்களில் ஒன்றாகப் பலர் கருதுகிறார்கள். அதன் தொடர்ச்சியை மடகாஸ்கரில் தேடுகிறார்கள். கோவையில் பேருந்து மாறுகிறவர்கள் அந்தத் தழும்பின் மேல் நின்றுதான் மாறுகிறார்கள்.

மடகாஸ்கர் நம்மை விட்டு விலகி ஏறத்தாழ 8.8 கோடி ஆண்டுகள். அதன் பின் தனியே வடக்கே ஓடிய இந்தியா, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. மோதியும் நிற்கவில்லை. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. இந்த எண்ணை வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குச் சப்பென்று போய்விடும். குறிஞ்சியை வைத்துச் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். 2018இல் பூத்த குறிஞ்சி 2030இல் மறுபடி பூக்கும்போது மலை 60 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். ஒரே மலையில் பூத்தது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

இனி வரப்போவது. கண்டங்கள் மறுபடி ஒன்றுசேரும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்தக் கடல் மூடும் என்பதில்தான் சச்சரவு. அட்லாண்டிக் மூடினால் பாஞ்சியா பிராக்சிமா, பசிபிக் மூடினால் நோவோபாஞ்சியா, ஆர்க்டிக் மூடி வடதுருவத்தைச் சுற்றிச் சேர்ந்தால் அமேசியா, அட்லாண்டிக்கும் பசிபிக்கும் இரண்டுமே மூடினால் ஆரிக்கா. முதலாவதை வரைந்த கிறிஸ்டோபர் ஸ்காட்டீஸ், முதலில் அதைப் பாஞ்சியா அல்டிமா என்றே அழைத்தார். அல்டிமா என்றால் கடைசி. கடைசி என்று ஒன்று கிடையாது, அடுத்தது மட்டுமே உண்டு என்று தோன்றியதால் பிராக்சிமா என்று மாற்றிக்கொண்டார். (இந்தத் திருத்தம் ஒரு கவிஞன் செய்யக்கூடியது.) அவருடைய வரைபடத்தில் இந்தியப் பெருங்கடல் நாலாபக்கமும் நிலம் சூழ்ந்த உள்கடலாக மிஞ்சுகிறது.

எங்களை அதிகம் அசைத்தது வேறொரு ஊகம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டவ வான் ஹின்ஸ்பெர்கனும் தாமஸ் ஷௌட்டனும் 2021இல் ஒரு சிந்தனைப் பரிசோதனையை வெளியிட்டார்கள். கிழக்கு ஆப்பிரிக்கா பிளவுபட்டுப் பிரிந்து, சோமாலியாவும் மடகாஸ்கரும் இந்தியப் பெருங்கடலைக் கடந்துவந்து 20 கோடி ஆண்டுகளில் நம் மேற்குக் கரையில் மோதினால் என்ன ஆகும்? இமயத்துக்கு இணையான ஒரு மலைத்தொடர் எழும். அதற்கு அவர்கள் வைத்த பெயர் சோமாலயா. மும்பை அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கும். ஸ்கிளேட்டர் மூழ்கடித்த பாலத்தை இவர்கள் எதிர்காலத்தில் மறுபடி கட்டிவிட்டார்கள் என்று எங்களில் ஒருவர் மகிழ்ந்தார். லெமூர்களுக்கு அப்போது யார் சொல்வார்கள் என்று மற்றவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. அலெக்சாண்டர் ஃபார்ன்ஸ்வொர்த்தின் குழு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 25 கோடி ஆண்டுகளுக்குப் பின் கண்டங்கள் ஒன்றாகும்போது சூரியன் இன்றைவிட 2.5 விழுக்காடு கூடுதலாக ஒளிரும். எரிமலைகள் கக்கும் கரிவளியும் கடலை விட்டு வெகுதூரம் விலகிய உள்நிலமும் சேர்ந்து, பெருவாரியான நிலத்தில் வெப்பம் 40, 50 பாகையைத் தொடும். பாலூட்டிகள் வாழத்தக்க நிலம் 8 முதல் 16 விழுக்காடு மட்டுமே. ஒன்றுசேர்தல் என்ற சொல்லுக்கு நம் மொழியில் இருக்கும் மங்கலம் மண்ணுக்குக் கிடையாது.

உண்மையில் நீலகிரியில் கண்டங்கள் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்துவிட்டன என்று சொல்லலாம். அதற்கு 200 ஆண்டுகூட ஆகவில்லை. 1843இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரம் வந்தது. சீகையும் சில்வர் ஓக்கும் அங்கிருந்தே வந்தவை. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் ஆண்டிஸ் மலைச் சிங்கோனாவைக் கொண்டுவந்தார். உருளைக்கிழங்கின் பூர்வீகமும் ஆண்டிஸ்தான். மெக்சிகோவின் பைன், அமெரிக்க வெப்பமண்டலத்தின் உண்ணிச்செடி, சீனத்துத் தேயிலை. தட்டுகள் கோடி ஆண்டுகளில் செய்யும் வேலையைத் துரைமார் கப்பலில் செய்துமுடித்தார்கள். விலை கொடுத்தவை புல்வெளியும் சோலையும். ஊட்டி ஏரிக்கரையில் கற்பூர வாசனையை 'ஊட்டி வாசனை' என்று முகர்ந்து நிற்பவர்களிடம் இதைச் சொல்ல மனம் வருவதில்லை. எங்களுக்கும் பால்யத்தின் வாசனை அதுதான். நெடுங்காலப் பிரிவின் பயனை அறியத் தெற்கே இடுக்கி மலைக்குப் போக வேண்டும். 2003இல் அறிவியல் உலகுக்கு அறிமுகமான ஊதாத் தவளைக்கு நெருங்கிய உறவினங்கள் இருப்பது சீஷெல்ஸ் தீவுகளில். நிலம் பிரிந்ததால் தனித்து வளர்ந்த உயிர் அது.

எங்கள் அம்மாவும் அப்படிக் கொண்டுவரப்பட்டவர்தான். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், நாடற்றவர்களாக நின்ற 9,75,000 மலையகத் தமிழரைப் பங்கு பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேர்; அவர்களைப் பிறகு 1974இல் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். இந்தியப் பங்கில் விழுந்த அம்மா, அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம் என்று வந்து 1974இல் இந்த மலை ஏறினார். வந்தவர்களுக்காக அரசே இங்கே தேயிலை பயிரிட்டது. இங்குள்ளவர்கள் 'சிலோன்காரங்க' என்றார்கள்; அங்கே இருந்தவரை 'இந்தியாக்காரங்க'.

அம்மாவுக்கு நிலவியல் தெரியாது. ஆனால் சார்னோகைட்டை அடையாளம் கண்டவர் எங்கள் வீட்டில் அவர்தான். "அங்கிட்டும் இதே கல்லுதாண்டா. வெட்டுன பக்கம் வெயிலு பட்டா நீலமா மினுங்கும்" என்பார். இலங்கை மத்திய மலைநாட்டில் சார்னோகைட் பரவலாக உண்டு. அது கோண்டுவானா சேர்ந்தபோது, 55 கோடி ஆண்டுகளை ஒட்டி வெந்த கல். நீலகிரிக் கல்லைவிட மிக இளையது. உடன்பிறப்பு என்று சொல்ல முடியாது, பங்காளி என்று சொல்லலாம். நிலத்துக்கு இடையே கடல் என்பதும் அண்மைச் செய்தியே. 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணையோ பல இடங்களில் 10, 12 மீட்டர்தான் ஆழம். நடந்தே போயிருக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சான்றிதழ் வாங்க அப்பாவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம். லைன் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். ஓய்வு பெற்றால் காலிசெய்ய வேண்டும். அப்பா வெகுநேரம் யோசித்தார். எழுத்தர் பேனாவைத் தட்டிக்கொண்டே, "எங்கிருந்து வந்தீங்களோ அதைப் போடுங்க" என்றார். எந்த 'வந்தீங்களோ' என்று அவர் சொல்லவில்லை. எங்களில் இளையவருக்கு, கண்டங்களின் எதிர்காலத்தைப் பேசுவதெல்லாம் அந்தக் கட்டத்திலிருந்து தப்பித்து ஓடுவது. 25 கோடி ஆண்டு என்று பேசுகிறவர்களால் 25 ஆண்டு குடியிருக்க ஒரு பட்டா வாங்கித் தர முடியுமா என்று கேட்பார். மூத்தவருக்கு அது தப்பிப்பு அல்ல. நிலம் தன்னையே ஓரிடத்தில் வைத்துக்கொள்ளாதபோது, எவன் வந்தவன், எவன் இருந்தவன் என்ற கணக்கின் அடிப்படையே ஆட்டம் காண்கிறது என்பது அவர் கட்சி. இந்த வாதம் பல ஆண்டுகளாக நடக்கிறது. முடிந்தபாடில்லை.

அம்மா 2014இல் இறந்தார். மலை ஏறிய நாளிலிருந்து கணக்கிட்டால், அந்த 40 ஆண்டுகளில் தரை 2 மீட்டர் நகர்ந்திருக்கிறது. லைன் வீட்டில் வாசலுக்கும் அடுப்படிக்கும் உள்ள தூரம். இலங்கையும் இதே தட்டின் மேல்தான் இருக்கிறது. ஆகவே அட்டனும் அதே 2 மீட்டர் நகர்ந்தது. இடைப்பட்ட தூரம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

கண்ட நகர்வுப் பாடத்துக்கு மூத்தவர் அட்டையில் கண்டங்களை வெட்டச் சொல்வார். ஆப்பிரிக்கா, ஆசியா எல்லாம் எளிது. இலங்கை சின்னது, கத்தரிக்கோலில் நழுவி விழுந்துவிடும், பெருக்கும்போது குப்பையோடு போய்விடும். போன ஆண்டு ஒரு சிறுமி அதைத் தனியே வெட்டவில்லை. இந்தியாவை வெட்டும்போதே நடுவில் இருந்த நீலத்தையும் சேர்த்து, ஒரே துண்டாக வெட்டியிருந்தாள். "ஏன்மா இப்படி?" என்று கேட்டதற்கு, "பிரிச்சா தொலைஞ்சிரும் டீச்சர்" என்றாள்.