மான் சீசனும் தாத்தாவின் துப்பாக்கியும்: பென்சில்வேனியா மலைக்காட்டில் ஒரு நவம்பர்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், நியூயார்க் எல்லையை ஒட்டி பாட்டர் கவுண்ட்டி என்று ஒரு மாவட்டம். மொத்த மக்கள்தொகை 16 ஆயிரத்துச் சொச்சம்தான். மீதியெல்லாம் காடு, மலை, ஓடை. இங்கே ஒரு குன்றின் மேல் பெய்யும் மழை மூன்று திசைக்குப் பிரிந்து போகிறது. ஒரு பக்கம் விழுந்த தண்ணீர் அலெகேனி ஆறாகி, மிசிசிப்பியில் கலந்து மெக்ஸிகோ வளைகுடா வரை செல்லும். இன்னொரு பக்கம் விழுந்தது ஜெனசீ ஆறாக வடக்கே ஒன்டாரியோ ஏரிக்கு. மூன்றாவது சஸ்குவஹன்னா வழியாகக் கிழக்குக் கடற்கரைக்கு. செர்ரி ஸ்பிரிங்ஸ் என்ற பூங்காவில் ராத்திரி நட்சத்திரம் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவ்வளவு இருட்டு.

வருடத்தின் பெரும்பகுதி தூங்கி வழியும் இந்த ஊர், நவம்பர் கடைசியில் திருவிழாக் கோலம் பூண்டுவிடும். தேங்க்ஸ்கிவிங் வியாழன் முடிந்த கையோடு, அந்தச் சனிக்கிழமை மான் சீசன் ஆரம்பம். 2019-க்கு முன்பு திங்கள்கிழமை தொடங்கியது. அந்தத் திங்களுக்கு இன்றும் பல பள்ளிகள் விடுமுறை விடுகின்றன. மாவட்டத் தலைநகரான கவுடர்ஸ்போர்ட்டின் பெட்ரோல் பங்க்குகளில், மளிகைக் கடைகளில், காலை டிபன் கடைகளில் எங்கு பார்த்தாலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். ஒரு வேட்டைக்காரர் இன்னொருவரை மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதே! தலை, மார்பு, முதுகு சேர்த்துக் குறைந்தது 250 சதுர அங்குலம் ஆரஞ்சுத் துணி இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இந்தியாவில் 1972 சட்டத்துக்குப் பிறகு மான் வேட்டை என்றால் ஜெயில்தான். அங்கே கதை வேறு. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் பென்சில்வேனியாவில் மான்கள் ஏறக்குறைய அழிந்தே போயின. காட்டை வெட்டினார்கள், கறியைச் சந்தையில் விற்றார்கள். 1895-ல் வேட்டையைக் கட்டுப்படுத்த ஒரு ஆணையம் அமைத்தார்கள். 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1907-ல் பெண்மானைச் சுடுவதற்குத் தடை வந்தது. இன்று ஒரு சீசனில் மாநிலம் முழுக்க 4 லட்சத்துக்கும் மேல் மான்கள் வேட்டையாடப்படுகின்றன. அப்படியும் குறையவில்லை. தோட்டங்களைத் தின்று, காரில் மோதி, இளஞ்செடிகளைத் தலைதூக்க விடாமல் செய்கின்றன. கறியை விற்க முடியாது. குடும்பத்துக்கு எடுத்துக்கொள்ளலாம், மிஞ்சினால் ஏழைகளுக்கான உணவு வங்கிக்குக் கொடுக்கலாம்.

அந்த 1895-ல்தான் இன்னொன்றும் நடந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 ரக ரைஃபிளுக்கு ‘தர்ட்டி-தர்ட்டி’ என்ற புதுத் தோட்டா வந்தது. மானைக் காக்க ஓர் ஆணையமும், மானைச் சுட மிகப் பொருத்தமான தோட்டாவும் ஒரே வருடத்தில்! கௌபாய் படங்களில் பார்த்திருப்பீர்களே, விசைக்குக் கீழே வளையம்போல ஒரு லீவர் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் பழைய தோட்டாவின் கூடு வெளியே பறக்கும், புதுத் தோட்டா உள்ளே போகும். அந்த ரகம். இதுவரை 70 லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கின்றன. மான் வேட்டைக்குத் தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளை பென்சில்வேனியா அனுமதிப்பதில்லை. அதனால் இங்கே லீவர் துப்பாக்கிக்கு மவுசு குறையவே இல்லை.

சீசனுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கவுடர்ஸ்போர்ட் பக்கத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றுக்கு ஒரு தாத்தாவும் பேத்தியும் வந்தார்கள். தாத்தாவுக்கு அறுபத்தெட்டு. பேத்திக்குப் பன்னிரண்டு. பயிற்சி வகுப்பை முடித்து, முதல் லைசென்ஸ் வாங்கியிருக்கிறாள். பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால்தான் அவள் காட்டுக்குப் போகலாம்.

தாத்தா கொண்டுவந்தது அவருடைய அப்பாவின் வின்செஸ்டர் 94. 1950-களில் வாங்கியது. கட்டையின் பாலிஷ் கைபட்ட இடத்தில் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

பிரச்னை துப்பாக்கியில் இல்லை, கண்ணில். போன வருடம் பொழுது சாயும் நேரம், எழுபது கஜ தூரத்தில் ஓர் ஆண்மான் வந்து நின்றது. இந்தப் பகுதியில் பெரியவர்கள் ஆண்மானைச் சுட வேண்டுமென்றால் அதன் ஒரு கொம்பிலாவது மூன்று முனைகள் இருக்க வேண்டும். சின்ன வயது மான்கள் தப்பிப் பிழைக்கட்டும் என்று 2002-ல் கொண்டுவந்த விதி. அவரால் முனைகளை எண்ண முடியவில்லை. துப்பாக்கியைத் தூக்கினால் குழல் நுனியில் இருக்கும் குறிமுள் பஞ்சுபோலத் தெரிந்தது. இறக்கி வைத்துவிட்டார். கேம்ப்பில் யாரிடமும் சொல்லவில்லை. குறி தப்பினாலாவது பரவாயில்லை. வயிற்றில் பட்டால் மான் விழாது. ராத்திரி முழுக்கக் காட்டுக்குள் ஓடி எங்கேயோ கிடந்து சாகும். அந்தப் பயம்தான் அவரைக் கடைக்குக் கொண்டுவந்தது.

ஸ்கோப் மாட்டினால் தீர்ந்தது என்று தோன்றும். தொலைநோக்கி மாதிரி லென்ஸ். இலக்கும் குறியும் ஒரே தெளிவில் தெரியும். மான் நடமாடும் விடியலிலும் அந்தியிலும் மங்கிய வெளிச்சத்தில் அதுதான் கை கொடுக்கும். சூரியன் உதிக்க அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி பின்பு வரை சுடலாம் என்பதால் அந்த ஓரத்து நிமிடங்களுக்கு இங்கே விலை அதிகம்.

ஆனால், வின்செஸ்டர் 94-ல் காலித் தோட்டா தலைக்கு மேலே நேராகத் துள்ளி வரும். ஸ்கோப் உட்கார வேண்டிய இடமும் அதுவே. 1980-களில் கம்பெனி இதைச் சாய்வாக வெளியேறும்படி மாற்றியது. பழைய துப்பாக்கிக்கு வேண்டுமானால் பக்கவாட்டில் துளை போட்டு, ஸ்கோப்பை ஓரமாகத் தள்ளி மாட்ட வேண்டும். கன்னத்தைக் கட்டையில் சாய்த்தால் கண் நேராக வராது. அதைவிட, 1964-க்கு முன் தயாரான துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் தேடி அலைகிறார்கள். புதிதாக ஒரு துளை விழுந்தால் அந்த மதிப்பு போச்சு. தாத்தாவுக்கு விற்கும் எண்ணமில்லை. இருந்தாலும் அப்பாவின் துப்பாக்கியில் டிரில்லை வைக்க மனசு வரவில்லை.

கடைக்காரர் அலமாரியிலிருந்து ஒரு பழைய மார்லின் 336-ஐ எடுத்து வைத்தார். 1948-ல் வந்த மாடல். அதே லீவர், அதே தர்ட்டி-தர்ட்டி தோட்டா. ஆனால் மேல்பகுதி தட்டையாக மூடியிருக்கும், காலித் தோட்டா வலப்பக்கம் போகும். ஸ்கோப் மாட்டக் கம்பெனியே துளை போட்டுக் கொடுத்திருக்கிறது. இதே மாடல் புதிதாக வேண்டுமென்றால் ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும்.

இதிலும் சங்கடங்கள் உண்டு. லீவர் துப்பாக்கியின் சுகமே அதன் நடுப்பகுதியை ஒற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதுதான். ஸ்கோப் வந்ததும் அந்தப் பிடி போய்விடும். லென்ஸ் சுத்தியலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதால் கட்டைவிரல் நுழையாது. பக்கவாட்டில் ஒரு சின்ன நீட்டிப்பு மாட்ட வேண்டும். பனி பெய்தால் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தத் தோட்டாவுக்கு 150, 200 கஜம்தான் எல்லை. அடர்ந்த காட்டில் பெரும்பாலும் நூறு கஜத்துக்குள்தான் மான் தெரியும். அதற்கு ஒன்பது மடங்கு பெரிதாக்கும் ராட்சத ஸ்கோப் வாங்குவது வீண் செலவு. பக்கத்தில் வரும் மானின் ரோமம் மட்டும்தான் தெரியும். ஒன்றிலிருந்து நான்கு மடங்கு போதும்.

பேச்சுக்கு நடுவே பேத்தி வின்செஸ்டரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் இரண்டு சின்னத் திருகுகள். எதையும் பிடித்துக்கொண்டிராமல் சும்மா இருந்தன. இது எதற்கு தாத்தா என்று கேட்டாள். அந்தக் காலத்தில் கம்பெனியே சில துப்பாக்கிகளில் போட்டுவைத்த துளைகளை அடைத்த திருகுகள் அவை. ‘பீப் சைட்’ மாட்டுவதற்கான இடம். அறுபது வருடத்துக்கு மேலாக வீட்டில் யாருமே கேட்டதில்லை!

பீப் சைட் என்பது கண்ணுக்கு அருகே ஒரு சின்ன வளையம். கண்ணாடி இல்லாமல் படிக்க, விரல்களைக் குவித்து ஓட்டை வழியாகப் பார்ப்போமே, அதே தத்துவம். சின்னத் துளை வழியே பார்த்தால் குறிமுள்ளும் இலக்கும் சேர்ந்து தெளிவாகும். வளையத்தின் நடுவுக்குக் கண் தானாகவே போய்விடும். வெளிச்சம் குறைந்தால் உள்வில்லையைக் கழற்றி வளையத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். லென்ஸ் இல்லை, எடை இல்லை, பழைய பிடியும் அப்படியே இருக்கும். ஸ்கோப் அளவுக்கு இருட்டில் உதவாது என்பதையும் கடைக்காரர் ஒளிக்காமல் சொன்னார்.

வின்செஸ்டருக்குப் பீப் சைட், பேத்திக்கு மார்லினும் குட்டி ஸ்கோப்பும் என்று முடிவானது. கொம்பு எண்ணுவதற்குத் தனியாக ஒரு பைனாகுலர். ஸ்கோப் வழியாக எண்ணலாம்தான். ஆனால், எதிரே அசைவது மனிதன் என்றால் குண்டு போட்ட துப்பாக்கியை அவன் மேல் நீட்டிக்கொண்டிருப்பீர்கள். பயிற்சி வகுப்பில் முதலில் சொல்லித் தருவது இதைத்தான்.

அடுத்த வார இறுதியில் மணல்மேட்டில் பேப்பர் தட்டை மாட்டிச் சுட்டுப் பார்த்தார்கள். நூறு கஜத்தில் பேத்தியின் ஐந்து தோட்டாவும் தட்டுக்குள். தாத்தாவுடையது மூன்று உள்ளே, இரண்டு வெளியே. எழுபது கஜத்துக்கு வந்ததும் ஐந்தும் உள்ளே. தன் எல்லை எழுபதுதான் என்று அங்கேயே முடிவு செய்துகொண்டார்.

சனிக்கிழமை முழுக்க ஹெம்லாக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு லேசான பனித்தூறலில் ஓர் ஆண்மான் ஓடையைத் தாண்டி வந்தது. சின்னவர்களுக்குக் கொம்பு விதியில் தளர்வு உண்டு என்பதால் அவளே சுட்டிருக்கலாம். அவள் மார்லினைத் தொடவில்லை. பைனாகுலரில் பார்த்து, தாத்தாவின் முழங்காலில் விரலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. கொஞ்சம் நிறுத்தி, நான்கு.

மான் அறுபது கஜத்தில் பக்கவாட்டில் திரும்பி நின்றது. ஒரே ஒரு வெடிச் சத்தம். முப்பது அடி ஓடி விழுந்தது. குளிரில் அவருக்கு விரல் மடங்காததால், காதில் கட்ட வேண்டிய சீட்டைப் பேத்திதான் எழுதிக் கட்டினாள்.

கழற்றிய அந்த இரண்டு திருகுகளும் மாத்திரை டப்பா ஒன்றில் அவருடைய சட்டைப் பையில் இருந்தன.