விரல் விடும் நீர்

எண்ணெய்க் கிணறு என்றதும் பூமிக்கடியில் பெரிய குளம் ஒன்று இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். குளமெல்லாம் இல்லை, வெறும் பாறைதான். அதன் மணல் துகள்களுக்கு இடையிலுள்ள நுண்ணிய துளைகளில் எண்ணெய் தங்கியிருக்கிறது. ஒரு கிணற்றில் நீரைச் செலுத்தித் தள்ளினால் இன்னொரு கிணற்றில் எண்ணெய் வரவேண்டும். பல நேரங்களில் நீர்தான் முந்திக்கொண்டு வந்து சேரும்.

ஏன் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கல்லூரி விடுமுறையில் நான் செய்தேன். தெளிவான இரண்டு பிளாஸ்டிக் தகடுகள், நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளி, அதில் கிளிசரின். மேல் தகட்டின் துளை வழியாக ஊசிக்குழாயால் சாயத் தண்ணீரை மெல்லச் செலுத்தினேன். முதலில் வட்டம். பிறகு ஓரம் நெளிந்தது. நெளிவு விரலானது, விரல் நுனி பிளந்து கிளைவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா, "வேர் விடுது பாரு" என்றார்.

கிளிசரினைவிடத் தண்ணீருக்குப் பாகுத்தன்மை குறைவு. எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் துளி முன்னே போய்விட்டால், அந்த வழியில் எதிர்ப்பும் குறைந்துவிடுகிறது. வழி எளிதான பக்கம் இன்னும் வேகமாக ஓடுகிறது. முந்தியது மேலும் முந்தும். தண்ணீருக்குள் கிளிசரினைச் செலுத்தினால் இது நடக்காது. வட்டம் வட்டமாகவே விரியும்.

தகடுகளுக்கிடையே நீரோட்டத்தைப் பார்க்கும் இந்த முறையை ஹீலி-ஷா 1898இல் அறிமுகப்படுத்தினார். 1952இல் ஹில் என்பவர், சர்க்கரை ஆலையின் எலும்புக்கரி வடிகட்டிகளில் பாகைத் தண்ணீர் சீராகத் தள்ளாமல் ஊடுருவிச் செல்வதை ஆராய்ந்து எழுதினார். 1958இல் சாஃப்மனும் டெய்லரும் இந்த நிலையின்மைக்குக் கணக்கு எழுதினார்கள். எண்ணெய்த் துறைக்கு விரல் என்றால் நட்டம். நீரைக் கெட்டியாக்கப் பாலிமர் சேர்ப்பதெல்லாம் விரல் விடாமல் தடுக்கத்தான். நானும் அப்படித்தான் படித்தேன்: விரல் ஒரு தொல்லை.

கரியமில வாயுவை நிலத்துக்கடியில் சேமிப்பது பற்றி வாசித்தபோது அந்தப் பாடம் தலைகீழானது. நார்வேயின் ஸ்லெய்ப்னர் வயலில் 1996 முதல், எடுத்த இயற்கை எரிவாயுவிலிருந்து அதைப் பிரித்து, கடலடிக்குக் கீழே 800 மீட்டருக்கும் ஆழத்தில், உப்புநீர் நிறைந்த மணற்பாறைக்குள் செலுத்துகிறார்கள். பல ஆண்டுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லியன் டன். உப்புநீரைவிட இலேசானது என்பதால் அது மேலேறி, மூடுபாறைக்குக் கீழே பரவி நிற்கும். நீரில் கரைந்தால்தான் மேலே வரும் உந்துதல் போகும்.

ஆனால் அங்கே கலக்கிவிட அலையோ சுழலோ கிடையாது. நிற்கும் நீரில் கரைந்த வாயு தானாக ஒரு மீட்டர் பரவவே ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகும். பத்து மீட்டருக்குப் பத்து மடங்கு இல்லை, நூறு மடங்கு. பாறைத் துளைகளுக்குள் இன்னும் மெதுவாக.

இங்கேதான் விரல் உதவிக்கு வருகிறது. வாயு கரைந்த உப்புநீர் கரையாததைவிட ஏறத்தாழ 1 விழுக்காடு கனம் கூடியது. கனமானது மேலே, இலேசானது கீழே. அது நிலைக்காது. கனத்த நீர் விரல் விரலாகக் கீழிறங்க, புதிய நீர் மேலே வந்து மேலும் வாயுவைக் கரைக்கும். ஆய்வகமும் கணக்கும் காட்டுவது இது. எவ்வளவு வேகம் என்பது பாறை விடும் வழியைப் பொறுத்தது. கலங்கினால்தான் கலக்கும் போலிருக்கிறது.

மலேசியாவும் 2025இல் இந்தச் சேமிப்புக்கென ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. செய்தியைப் பார்த்த அப்பா, "உள்ள போட்டது வெளிய வராதாலா?" என்று கேட்டார். மூடுபாறை, கரைதல், விரல் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"சரி. அப்ப எடுக்கறத நிறுத்திட்டீங்களா?"

இல்லை என்றேன். ஸ்லெய்ப்னரில் புதைப்பது எரிவாயுவோடு கலந்து வந்த கழிவு மட்டும்தான். விற்கும் எரிவாயு வேறெங்கோ எரிந்து காற்றில்தான் சேர்கிறது. பாறைக்குள் நடப்பதை என் படிப்பு விளக்கிவிடும். அப்பா கேட்டது பாறைக்கு மேலே இருப்பவர்களைப் பற்றி. அடுத்த ஆண்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் கேள்வியையும் கூடவே எடுத்துப் போகவேண்டும்.