மூடப்பட்ட கதவுகள்

பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்று, இன்று உயர்தர வகுப்பிலே அகத்திணை கற்பிக்கும் நாம், களவையும் கற்பையும் தயக்கமின்றி விளக்குகின்றோம். ஆனால் சுகாதாரப் பாடநூலில் இனப்பெருக்கம் பற்றிய அத்தியாயம் வந்ததும், ‘வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்’ என்ற சொல்லோடு அது கடந்து செல்லப்படுவதைப் பலமுறை கண்டிருக்கின்றோம். வெட்கத்தைப் பண்பாடெனப் போற்றும் சமுதாயத்தில், அறியாமையின் விலையைக் கொடுப்பவர் யார்?

இம்மௌனம் அரசின் கொள்கையாகவே மாறினால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்கா சான்று பகர்கின்றது. டெக்சாஸ் மாநிலச் சட்டமன்றம் 2011ஆம் ஆண்டில், குடும்பத் திட்டத்துக்கான ஈராண்டு ஒதுக்கீட்டை 11.1 கோடி டொலரிலிருந்து ஏறத்தாழ 3.8 கோடியாகக் குறைத்தது. 82 நிலையங்கள் மூடப்பட்டன. அல்லது அச்சேவையைக் கைவிட்டன. கருக்கலைப்பை எதிர்க்கும் அரசியலே இதன் பின்னணி. ஆனால் ஏழைப் பெண்கள் இழந்தது கருத்தடைச் சாதனங்களை மட்டுமன்று. புற்றுநோய், பாலியல் நோய் ஆகியவற்றுக்கான பரிசோதனையையுமே.

இந்தியானா மாநிலத்து ஸ்கொட் மாவட்டத்தில், எச்.ஐ.வி. பரிசோதனை செய்துவந்த குடும்பத் திட்ட நிலையம் 2013இல் மூடப்பட்டது. அங்கே கருக்கலைப்பு நடைபெறவுமில்லை. 2015இல், சுமார் 4,000 பேர் வாழும் ஒஸ்ரின் என்னும் சிற்றூரை மையமாகக் கொண்டு அந்நோய் பரவி, ஆண்டு முடியுமுன் 180க்கும் மேற்பட்டோரைப் பற்றியது. போதைமருந்து ஏற்றும் ஊசியைப் பலர் பகிர்ந்தமையே நேர்க்காரணம்; நிலையத்தை மூடியதால் நோய் பிறந்தது என்பது மிகை. ஆயினும், காவலாளியை முன்னரே அனுப்பிவிட்ட வீட்டில் திருட்டை யார் கண்டு சொல்வது? பாலியல் நோய்கள் பல அறிகுறியின்றி உறைபவை. சோதிப்பார் இல்லையேல், நோயாளி தானறியாமலே பிறருக்குக் கொடுப்பான். பணமுள்ளோர் தனியார் வைத்தியரை நாடுவர்; கூலி உழைப்பாளி எங்கே செல்வான்?

எமது நாட்டிலே 1953இல் குடும்பத் திட்டச் சங்கம் தோன்றியது. 1965இல் அரசு அப்பணியைத் தாய் சேய் நலச் சேவையோடு இணைத்தது. வீடு தேடி வரும் மருத்துவமாது எமது கிராமங்களின் பெருஞ்செல்வம். ஆயினும் அச்சேவை பெரிதும் மணமான குடும்பங்களையே நோக்கியது. பாடசாலையை விட்டுக் கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் மணமாகாத எம் மாணவியர் எவரிடம் கேட்பர்? அவர்களுக்கு நிலையத்தின் கதவு திறந்திருந்தும் மூடியதே.

பணத்தைக் குறைத்தும் கதவை அடைக்கலாம். வெட்கத்தை வளர்த்தும் அடைக்கலாம். முன்னதை எதிர்க்க மக்கள் அணிதிரள வேண்டும். பின்னதைத் தகர்க்க, அந்த அத்தியாயத்தை வகுப்பிலே உரத்து வாசித்தல் போதும். அது ஆசிரியராகிய எமது கடமை.