கோபுரமும் ஓட்டுக் கூரையும்

கட்டடம் பேசுமா? பேசும் என்பேன். எங்கள் கிழக்கேகோட்டையில் அது இரண்டு மொழிகளிலும் பேசும்.

கோட்டை வாயிலைக் கடந்து மேற்கே நோக்குங்கள். பத்மதீர்த்தக் குளத்தை அடுத்துப் பத்மநாப சுவாமி கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் நிமிர்ந்து நிற்கிறது. 1566-இல் அடித்தளமிட்டுப் பாண்டிய நாட்டு முறையில் எழுப்பிய கோபுரம் அது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்த என் தந்தைக்கு அதைக் கண்டால் ஊர் நினைவு வரும். அருகிலேயே சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரை மாளிகை. அதற்கு அழகு உயரமன்று; சரிந்திறங்கும் ஓட்டுக் கூரையும், இறவாரத்தின் கீழ் வரிசையாய் நிற்கும் 122 மரக் குதிரைகளுமே. ஒன்று வானை நோக்கி ஏறுகிறது. மற்றொன்று மண்ணை நோக்கித் தாழ்கிறது. தாழ்வது ஏன்? ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரல்லவா இது!

கோட்டைக்குள் இருக்கும் அக்கிரகாரத் தெருக்களில் இவ்விரு மொழிகளும் கலந்துவிட்டன. தோட்டத்தின் நடுவே தனி வீடு கட்டுவது மலையாள நாட்டு வழக்கம். இங்கோ வீடுகள் தமிழ்நாட்டுத் தெருவைப் போலத் திண்ணை வைத்து, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஆனால் கூரை மட்டும் இந்நாட்டு மழைக்கேற்ப நன்றாகச் சரிந்து, இறவாரம் தாழ்ந்திருக்கிறது. குடிவந்தவர்கள் தெருவைக் கொண்டுவந்தார்கள். கூரையை இங்கே கற்றுக்கொண்டார்கள்.

அத்தகைய வீடொன்றின் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். தந்தைக்குச் சாலைக் கடைவீதியில் கணக்கெழுதும் வேலை. சென்ற ஆண்டு பக்கத்து வீட்டை இடித்தார்கள். இரு வீட்டுக்கும் சுவர் ஒன்றே. அதுவரை மழையே காணாத அந்தச் சுவர் இடவப்பாதி மழையில் ஊறியது. உட்புறச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. “செவருக்கும் சளி பிடிச்சிட்டுல்லா!” என்றார் அம்மா.

வேதியியல் மாணவனாகிய நான் காரணத்தைச் சொல்லலாம். சுவர் வெட்டுக்கல்லால் ஆனது. 1807-இல் புக்கானன் என்ற ஆங்கிலேய ஆட்சிக்கால ஆய்வாளர், மலபாரின் அங்காடிப்புரத்தில் கண்ட இக்கல்லுக்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டு எழுதினார். இரும்புச் சத்து மிகுந்த கல்; வெட்டும்போது மெத்தென்றிருந்து, காற்றுப்பட இறுகும். ஆயினும் நுண்துளைகள் நிறைந்தது. பூச்சின்றி நின்றால் நீரை உறிஞ்சும். ஆனால் இதைச் சொல்வதால் சுவர் உலர்ந்துவிடுமா? வரிசை வீட்டுக்கு அண்டை வீடே குடை. மனிதருக்கும் அப்படித்தான்.

1795 வரை தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தை எண்ணிப் பாருங்கள். 1956-இல் அவ்வூர் கன்னியாகுமரி மாவட்டத்தோடு தமிழகம் சேர்ந்தது. அங்குள்ள அரண்மனையை இன்றும் கேரள அரசே பேணுகிறது. எல்லை மாறியும் அரண்மனைக்குக் காவல் உண்டு. எளியோர் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு யார் காவல்?

நண்பர்களே, விடுமுறை நாளில் ஓர் அளவு நாடாவும் நோட்டுப் புத்தகமும் எடுத்து வாருங்கள். திண்ணையின் உயரம், முற்றத்தின் அகலம், கூரையின் சரிவு ஆகியவற்றை அளந்து எழுதிவைப்போம். காக்க இயலாவிட்டாலும் கணக்காவது மிஞ்சட்டும். எங்கள் வீட்டுக்காரரும் வீட்டுக்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார். ஆகவே எங்கள் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.