ஓட்டை விழாத இடம்

எனக்கு யுத்தப் புத்தகம் படிக்கிற பைத்தியம் உண்டு. சண்டை போடுகிற உடம்பு இல்லை, படிப்பதோடு சரி. வீட்டில் இதற்கு மரியாதை கிடையாது. "ரேஷன் கார்டுல குழந்தை பேரைச் சேர்த்தாச்சா?" என்றுதான் கேட்பார்கள். ஆனால், ஆபீஸில் மதிப்பு உண்டு. டீ நேரத்தில் இரண்டாம் உலகப் போர் பற்றிப் பேச்சு வந்தால் என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள். கூட இருப்பவர்கள் எல்லாம் இங்கிலீஷ் சினிமா பார்த்தே போர்க்கலையில் தேறியவர்கள். அதனால் சில சமாசாரங்கள் திரும்பத் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கும். தப்பாகவும் இருக்கும்!

முதலாவது, போலந்துக் குதிரைப்படை. "ஜெர்மன் டாங்கியை ஈட்டியால குத்தப் போனாங்களாமே சார்!" போகவில்லை. 1939 செப்டம்பர் 1, யுத்தத்தின் முதல் நாள். க்ரோயான்டி என்ற கிராமத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வாளை உருவிக்கொண்டு பாய்ந்தது ஜெர்மன் காலாட்படை மேல். எதிரி சிதறவும் செய்தான். அப்புறம்தான் மெஷின்கன் வைத்த கவச வண்டிகள் வந்து சுட்டுத் தள்ளின. பிற்பாடு பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வந்து செத்த குதிரைகளைக் காட்டினார்கள். அவ்வளவுதான், கதை பிறந்துவிட்டது.

இத்தனைக்கும் குதிரை விஷயத்தில் ஜெர்மனி யாருக்கும் இளைத்ததில்லை. 1941 ஜூனில் ரஷ்யாவுக்குள் நுழைந்தபோது கூடவே சுமார் 6 லட்சம் குதிரைகள் போயின. பீரங்கி இழுக்க, மூட்டை சுமக்க. நியூஸ் ரீலில் டாங்கி மட்டும்தான் ஓடும். பின்னால் லொங்கு லொங்கென்று நடந்து வந்த சிப்பாயைப் படம் எடுக்க யாருக்கு ஆசை?

அடுத்தது, "ஜெர்மன்காரன்கிட்ட டாங்கி ஜாஸ்தி, அதான் 1940-ல் ஆறே வாரத்துல பிரான்ஸைப் பிடிச்சான்." இல்லை. பிரான்ஸிடம்தான் டாங்கி ஜாஸ்தி. பலவற்றுக்குக் கவசமும் தடிமன். ஆனால், பெரும்பாலான பிரெஞ்சு டாங்கிகளில் மேலே சுழலும் கூண்டுக்குள் ஒரே ஒரு ஆள்தான். எதிரியைத் தேடுவது, குண்டு போடுவது, குறிபார்ப்பது, சுடுவது, கீழே டிரைவருக்கு உத்தரவு கொடுப்பது எல்லாம் அவரே. பலவற்றில் ரேடியோவும் கிடையாது. ஜெர்மனியின் முக்கியமான டாங்கிகளில் அந்த வேலைக்கு மூன்று பேர், ரேடியோவும் இருந்தது. டெஸ்பாட்ச், டைப்பிங், கேஷ் மூன்றையும் ஒரே ஆள் தலையில் கட்டிய செக்ஷன் என்ன கதி ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, "ஒரு டைகரை அடிக்க அஞ்சு ஷெர்மன் வேணும்." அமெரிக்க டாங்கிப் படையின் சின்னப் பிரிவில் ஐந்து வண்டிகள். அதனால் ஐந்தாகத்தான் போவார்கள். எதிரே டைகர் நின்றாலும் ஐந்து, எருமை மாடு நின்றாலும் ஐந்து! ஷெர்மன் பெட்ரோலில் ஓடியதால்தான் தீப்பிடித்தது என்பார்கள். டைகரும் பெட்ரோல்தான். உண்மையான வில்லன், உள்ளே அடுக்கியிருந்த பீரங்கிக் குண்டுகள். அவற்றை வண்டியின் அடித்தளத்துக்கு இறக்கி, சுற்றிலும் தண்ணீர் கலவை நிரப்பிய பெட்டிகளில் வைத்த பிறகு தீ வெகுவாகக் குறைந்தது. மொத்தத்தில் டைகர் தயாரானது சுமார் 1,350. ஷெர்மன் 49,000. எந்தத் தராசில் வைத்தாலும் கணக்கு புரியும்.

இதுவரை சொன்னது டீக்கடைத் தப்பு. டீ ஆறிப் போகும், அவ்வளவுதான். தளபதிகளே ஒரு தப்பை நம்பினால்?

அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானத்துக்குப் 'பறக்கும் கோட்டை' என்று பேர். உடம்பு முழுக்க மெஷின்கன். கூட்டமாகப் பறந்தால் போதும், தன்னைத் தானே காத்துக்கொள்ளும், துணைக்குப் போர் விமானம் வேண்டாம் என்று மேலிடத்தில் நம்பினார்கள். 1943 அக்டோபர் 14. ஜெர்மனியின் ஷ்வைன்ஃபர்ட்டில் பால்-பேரிங் தொழிற்சாலைகளைத் தாக்க 291 கோட்டைகள் கிளம்பின. 60 திரும்பவில்லை. ஒவ்வொன்றிலும் பத்துப் பேர். பெரும்பாலும் இருபது சொச்சம் வயசு. நம் ஆபீஸில் புதிதாகச் சேர்கிற பையன்கள் வயசு. நீண்ட தூரம் துணைக்கு வரும் முஸ்டாங் போன்ற விமானங்கள் 1944-ல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

விமானங்களைப் பற்றிய இன்னொரு கதை இப்போது மேனேஜ்மென்ட் வகுப்புகளில் பிரபலம். திரும்பி வந்த விமானங்களில் இறக்கை, உடம்பெல்லாம் ஓட்டை. "அங்கேதானே கவசம் போடணும்?" என்றார்களாம் ராணுவக்காரர்கள். ஏபிரஹாம் வால்ட் என்ற கணித மேதை எழுந்து, "இல்லை, ஓட்டை விழாத எஞ்சினுக்குப் போடுங்கள்" என்றாராம். சிவப்புப் புள்ளி வைத்த விமானப் படம் ஒன்றும் கூடவே காட்டுவார்கள்.

அந்தப் படம் பிற்காலத்தில் யாரோ வரைந்தது. அந்த வசனத்துக்கும் ஆதாரம் இல்லை. இருப்பது 1943-ல் வால்ட் எழுதிய எட்டுக் குறிப்புகள். அத்தனையும் தலை சுற்றுகிற நிகழ்தகவுக் கணக்கு. ஆனால், அடிப்படை விஷயம் சத்தியம்: நம் கண்ணுக்குத் தெரிவது பிழைத்து வந்த விமானங்கள் மட்டுமே. எஞ்சினில் அடிபட்டவை திரும்பவே இல்லை. அதனால்தான் அந்த இடத்தில் ஓட்டை குறைவாகத் தெரிகிறது.

"காலேஜைப் பாதியில் விட்டவர் கோடீஸ்வரர் ஆனார்" என்று படித்துவிட்டு வேலையை ராஜினாமா செய்யத் துடிக்கும் தம்பிகளே, அவர் திரும்பி வந்த விமானம். அதே மாதிரி விட்டுவிட்டுக் காணாமல் போனவர்களை எந்தப் பத்திரிகையும் பேட்டி எடுப்பதில்லை. எழுதுகிற கையை ஒடிக்க வேண்டாம். பக்கத்தில் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள், போதும்.

வால்டைப் பற்றி ஒரு தகவல் மிச்சம் இருக்கிறது. நாஜிகளிடமிருந்து தப்பி 1938-ல் அமெரிக்கா போனவர். 1950-ல் நம் அரசாங்கம் அழைத்து, சொற்பொழிவுகளுக்காக மனைவியோடு இந்தியா வந்தார். டிசம்பர் 13-ம் தேதி அவர்கள் வந்த டக்கோட்டா விமானம் நீலகிரியின் வடக்குப் பக்கம், ரங்கசாமித் தூணுக்கு அருகே மலையில் மோதியது. அவருக்கு 48 வயது.

திரும்பி வராதவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொன்ன மனிதர், நம் மலையிலிருந்து திரும்பிப் போகவில்லை. கோத்தகிரிப் பக்கம் போனால் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.